சூதாட்டப் பித்துக்கு எங்கே வைத்தியம்?

காரைக்கால்:-

"குடிச்சிட்டு வந்தா வாடையாவது வரும். இவன் ஆடுறது யாருக்குத் தெரியும்?"

சூதாட்டப் பித்துப் பிடித்தவரின் வீட்டில் கேட்கும் புலம்பல் இது. வாய் நாறாது, கால் தள்ளாடாது. பீரோவில் நகை இருந்த இடத்தில் ஒருநாள் அடகுச் சீட்டு இருக்கும். அன்றுதான் குட்டு உடையும்.

உடனே மைத்துனர் கார் பிடிக்கிறார். எங்கோ ஒரு "மறுவாழ்வு இல்லம்". மூன்று மாதப் பணத்தைக் கட்டி, ஆளை உள்ளே தள்ளிவிட்டு வந்து விடுகிறார்கள். அங்கே மனநல டாக்டர் உண்டா? கேட்பாரில்லை.

சங்கிலி

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை. மனநலக் காப்பகம் ஒன்றில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் பலி!

2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவது குற்றம். "வீட்டார் பார்க்க வரக்கூடாது, போன் பேசக்கூடாது" என்று சொல்லும் இடத்தை விட்டு உடனே திரும்பி விடுவது நல்லது.

பூட்டினால் போதுமா?

பூட்டிய அறையில் பணமும் இல்லை, செல்போனும் இல்லை. அங்கே யார்தான் ஆடமாட்டார்? சோதனையே வெளியே வந்து சம்பளக் கவரைத் தொடும் நாளில்தான்!

இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சு வைத்தியம்தான் கை கொடுக்கிறது. "விட்டதைப் பிடிச்சிடலாம்" என்ற நினைப்பு எப்போது, எதனால் கிளம்புகிறது என்று வாரா வாரம் உட்கார்ந்து பேசி அறுக்கிறார்கள். பலர் வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்யலாம். குடியும் சேர்ந்திருந்தால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வரலாம். "செத்துடறேன்" என்று சொன்னால் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சேர்க்கும் முன் கேளுங்கள்: "சூதாட்டக் கேஸ் பார்த்ததுண்டா? சம்சாரத்தையும் கூப்பிட்டுப் பேசுவீங்களா? அப்புறம் எத்தனை மாசம் வரணும்?" நூற்றுக்கு நூறு குணம் என்று யாராவது அடித்துச் சொன்னால், அதுவும் ஒரு சூதாட்டமே!

காரைக்கால்வாசிகள் முதலில் அரசு பொது மருத்துவமனையில் விசாரிக்கலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. செல்போனே கதி என்றாகி விட்டவர்களுக்காக பெங்களூர் நிம்ஹான்சில் 2014 முதல் தனிப்பிரிவு நடக்கிறது. நேரில் போகக் கூச்சமா? 14416-க்கு போன் செய்யலாம். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடன்

2023-ல் தமிழகம் கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடை வாஞ்சூர் எல்லையோடு நின்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காரைக்காலுக்கும் சேர்த்துத்தான். ஆனால் சட்டம் வந்தால் பழைய கடன் போய்விடுமா?

"இந்த ஒரு தடவை அடைச்சிடுறோம்" என்று வீட்டார் மொத்தக் கடனையும் கட்டுவதுதான் பெரிய தப்பு. கடன் தீர்ந்த கை மறுபடி அரிக்கும்.

ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் சம்சாரம் கையில் இருக்கட்டும். பஸ்சுக்கும் டீக்கும் தினமும் எண்ணி வாங்கிக் கொள்ள வேண்டும். "மானம் போகுதே" என்று அவர் முணுமுணுப்பார்.

முணுமுணுக்கட்டும்!