அம்பின் எண் 29

விண்டோஸ் முகப்புத்திரையில் குறுவழிகள் 1995-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றன. படவுருவின் இடப்புறக் கீழ்மூலையில் ஒட்டியிருக்கும் வளைந்த அம்பே அவற்றின் அடையாளம். அவ்வம்பு படவுருவின் உறுப்பன்று. திரையை வரைகையில் இயங்குதளம் மேலே போர்த்தும் தனிப்படம். ஆதலால் படவுருவைத் தொடாமலே அம்பை மட்டும் மாற்றலாம்.

அதற்கான இடம் அமைப்புப் பலகத்தில் இல்லை; பதிவேட்டில் இருக்கிறது. கணினி முழுமைக்கும் உரிய கிளையில், எக்ஸ்புளோரர் பகுதியின்கீழ் 'ஷெல் ஐகான்ஸ்' என்றொரு உட்பிரிவை நாமே உருவாக்க வேண்டும். அதில் 29 என்னும் பெயரில் ஒரு சர மதிப்பை இட்டு, விரும்பிய படவுருக் கோப்பின் முகவரியை எழுத வேண்டும். அதென்ன 29? இயங்குதளம் தன் அடிப்படைப் படவுருக்களுக்கு வரிசையெண் தந்திருக்கிறது. பகிர்வுக் குறிக்கு 28, குறுவழி அம்புக்கு 29. கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால் புதிய குறி தோன்றும்.

அம்பை அறவே நீக்க எண்ணுவோர், குறுவழிக் கோப்பு வகையின் பகுதியிலுள்ள 'இஸ்ஷார்ட்கட்' மதிப்பை அழிப்பதுண்டு. அது தவறான வழி. விண்டோஸ் 10-இல் அப்படிச் செய்தால், விண்டோஸ் விசையும் எக்ஸ் விசையும் சேர்த்து அழுத்தத் திறக்கும் பட்டியல் செயலிழக்கும்.

அம்பு வேண்டும் என்பதற்கு அதனினும் வலுவான காரணம் உண்டு. குறுவழியும் ஒரு கோப்பே. அதன் தலைப்பகுதி 76 பைட்டுகள். முதல் பைட்டைப் பதினறும முறையில் படித்தால் 4சி, அதாவது அதே 76. தன் தலைப்பின் நீளத்தைச் சொல்லியே அக்கோப்பு தொடங்குகிறது! ஆயினும் அதன் பின்னொட்டான எல்.என்.கே. நம் கண்ணுக்குப் புலப்படாது. எல்லாப் பின்னொட்டுகளையும் காட்டுமாறு பணித்தாலும், 'நெவர்ஷோஎக்ஸ்ட்' என்னும் மதிப்பு இதை மறைத்துவிடும். எஞ்சும் அடையாளம் அம்பு ஒன்றே. அதுவும் போனால், மூலக் கோப்பையே குறுவழியென்று கருதி அழித்துவிட நேரும்.

இச்சிறு கோப்பை எளிதாக எண்ணலாகாது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் தீநிரல், குறுவழியின் படவுருவைத் திரையில் காட்டும் நிகழ்விலேயே புகுந்தது. எவரும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நான் அம்பை நீக்கவில்லை, உருவத்தை மட்டும் மாற்றினேன். மாற்றுமுன் பதிவேட்டின் அப்பகுதியைத் தனிக்கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டேன். இப்போது என் திரையில் ஒவ்வொரு குறுவழியின் மூலையிலும் சிறு பச்சைப் புள்ளி ஒன்று இருக்கிறது.