ஊக்குநர் இல்லாத குழுவில் கணக்கு ஒத்துப்போவது எப்படி?



“பிளாக்செயின்ல பணம் போடுங்கக்கா, அதுல யாராலயும் ஏமாத்த முடியாது” என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி ஆபத்து. எது எது என்று பிரித்துப் பார்க்க, அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

எல்லார் கையிலும் ஒரே நோட்டு

நம் குழுவில் சேமிப்பும் கடனும் பேரேட்டில் ஏறுகிறது. ஊக்குநர் வாசிக்கிறார், நாம் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். பிளாக்செயினும் ஒரு கணக்கு நோட்டுதான். ஆனால் அதற்கு ஊக்குநரும் கிடையாது, வங்கியும் கிடையாது. ஒரே நோட்டின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் இப்படித்தான் ஓடுகிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் அடையாள எண் இருக்கும். பழைய பக்கத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அந்த எண் மாறிவிடும். பின்னால் உள்ள பக்கங்கள் ஒட்டாது. குட்டு வெளிப்பட்டுவிடும்.

கை தூக்கினால் போதாதா?

அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? நம் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யலாம். ஏன்னா, ஒவ்வொருவர் முகமும் நமக்குத் தெரியும். அங்கே முகம் தெரியாது. ஒரே ஆள் ஆயிரம் பெயரில் வந்து ஆயிரம் கை தூக்கலாம். அதனால் கை தூக்குவதற்கே ஒரு செலவு வைத்துவிட்டார்கள். இதில் இரண்டு வழிகள் முக்கியம்.

முதல் வழி, உழைப்பைக் காட்டுவது. பிட்காயினில் கம்ப்யூட்டர்கள் ஒரு கஷ்டமான எண்ணைத் தேடுகின்றன. தேடுவதற்கு ஏகப்பட்ட கரண்ட் ஆகும். கிடைத்தது சரியா என்று பார்க்க ஒரு நொடி போதும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கண்டுபிடிப்பார்கள். அவர்தான் அந்தப் பக்கத்தை எழுதுவார். 2024 ஏப்ரல் முதல் அதற்குக் கூலி 3.125 பிட்காயின். கையில் இல்லாத பணத்தைக் கொடுத்ததாக எழுதினால், மற்ற கம்ப்யூட்டர்கள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடும். கூலியும் போச்சு, கரண்ட் செலவும் போச்சு. ஒரே நேரத்தில் இருவர் எழுதிவிட்டால், எந்த நோட்டில் அதிக உழைப்பு சேர்கிறதோ அதையே எல்லோரும் ஏற்பார்கள்.

இரண்டாவது வழி, பிணைத்தொகை கட்டுவது. எதிரியம் என்ற நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று இதற்கு மாறியது. 32 ஈதர் கட்டினால் இதில் பங்கெடுக்கலாம். பக்கம் எழுதுபவர் குலுக்கல் போலத் தேர்வாகிறார். மொத்தப் பிணைத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொண்டால் பக்கம் உறுதியாகும். இரண்டு விதமாகக் கணக்கு எழுதினால் கட்டிய தொகையில் பிடித்துவிடுவார்கள். இப்படி மாறியதில் அவர்களின் கரண்ட் செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இதுவும் உடையாத கோட்டை இல்லை. பாதிக்கு மேற்பட்ட பலம் ஒரே கையில் சேர்ந்தால் நோட்டையே மாற்றி எழுதலாம். 2019 ஜனவரியில் எதிரியம் கிளாசிக் என்ற நாணயத்தில் அது நடந்தது; ஒரே பணத்தை இரண்டு முறை செலவழித்துவிட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது

இத்தனை கம்ப்யூட்டர்களும் ஒத்துக்கொள்வது ஒன்றைத்தான்: இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு இவ்வளவு போனது. “பத்து மாசத்துல இரட்டிப்பு” என்று ஏஜெண்ட் சொன்னது நிஜமா என்று எந்தக் கம்ப்யூட்டரும் சோதிப்பதில்லை. நாம் கையில் கொடுத்த ரொக்கம் அந்த நோட்டில் ஏறாமலே போகலாம். ஏறினாலும், போன பணத்தைத் திருப்பிக் கேட்க அங்கே மேனேஜர் கிடையாது. 2022 ஏப்ரல் முதல் இந்த லாபத்துக்கு அரசு 30 சதவீதம் வரி போடுகிறது. வரி வாங்குவதால் அரசு உத்தரவாதம் தருகிறது என்று அர்த்தமில்லை.

ஆகவே யாராவது வந்து கேட்டால் தனியாக முடிவெடுக்க வேண்டாம். குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுவோம். பணம் யார் பெயரில் போகிறது, எப்போது திரும்பும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று மூன்று கேள்வி கேட்போம். எழுத்தில் பதில் இல்லையென்றால் பணமும் இல்லை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்வோம்.