உடைந்த தட்டிலும் பாட்டு இருக்கிறது

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் காலமானபோது அவருக்கு வயது 27. பேசும்படம் எதிலும் அவர் நடித்ததில்லை. இன்றைக்கும் அந்தக் குரலை நாம் கேட்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்நாளைய கிராமபோன் தட்டுகள்தான். வீணை தனம்மாளின் வாசிப்பும் 1932-ல் கொலம்பியா கம்பெனி பதிந்த சில தட்டுகளால்தான் நம் காதுக்கு எட்டுகிறது.

இப்படிப்பட்ட தட்டுகள் பரணிலிருந்து இறங்கும்போது பல சமயம் விரிசலோடுதான் இறங்குகின்றன. "பிளேட்டு உடைஞ்சு போச்சு, இனிமே எதுக்கு?" என்று காயலாங்கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மனசு பதறுகிறது. விரிசல் விட்ட தட்டை ஒரே ஒரு முறை ஒழுங்காகப் பாடவைத்துவிட்டால் போதும், பாட்டு கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். தட்டைப் புதிதுபோல் ஆக்குவதல்ல, அந்த ஒரு முறையைச் சாத்தியமாக்குவதுதான் வீட்டு ரிப்பேரின் வேலை.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இந்த '78 வேக'த் தட்டு பிளாஸ்டிக் அல்ல. பலாசு, இலந்தை மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்குதான் அதன் பிடிமானம். மீதிப் பெரும்பங்கு கல்பொடி, கூடவே கரிப்பொடி. அரக்கு விளையும் நாடு என்பதால் 1908-லேயே கல்கத்தா சியால்டாவில் கிராமபோன் கம்பெனி தட்டு ஆலை வைத்தது. கல்பொடி மிகுந்திருப்பதால் தட்டு வளையாது, உடையும். அரக்கு என்பதால் வெயிலில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்கள்! ஆகவே அழுக்கெடுக்க ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. காய்ச்சி வடித்த நீரில் துளி சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, ஊசி ஓடும் வரிகளின் போக்கிலேயே துடைக்க வேண்டும். லேபிளிலும் விரிசலுக்குள்ளும் ஈரம் இறங்கக் கூடாது.

அடுத்து, விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கோடும் தெரியும். வளைத்துப் பார்ப்பது ஆபத்து. மயிரிழை விரிசல் என்றால் தட்டைச் சமமான கண்ணாடிமேல் கிடத்தி, ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையைக் குண்டூசி முனையில் தொட்டு இரண்டே இடங்களில் வைக்கலாம். ஒன்று வெளி விளிம்பு. மற்றொன்று பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் மழமழப்பான பகுதி. பசை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வரிகள்மேல் ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் காய்ந்து மேடாகி ஊசியைத் தூக்கி எறியும்.

இரண்டாக உடைந்த தட்டு பொறுமையைச் சோதிக்கும். முதலில் எந்தப் பக்கத்துப் பாட்டு வேண்டும் என்று தீர்மானித்து, மறு பக்கத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதே அளவுள்ள, வேண்டாத வேறொரு தட்டின்மேல் துண்டுகளைப் பொருத்தி இருபக்க டேப்பால் ஒட்டுவது எளிது. வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். துண்டு அவ்வளவு விலகினாலும் ஊசி பக்கத்துச் சுற்றில் போய் விழும். பூதக்கண்ணாடி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மட்டமும் முக்கியம். இரு துண்டுகளும் சமமாக அமையாவிட்டால், ஒவ்வொரு பிளவிலும் ஊசி எந்தத் துண்டை விட்டுப் போகிறதோ அதன் ஓரம் இம்மி உயர்ந்திருக்கட்டும். அடியில் மெல்லிய தாள் வைத்தால் போதும். ஊசி படி இறங்கிவிடும். ஏறச் சொன்னால் துள்ளும்.

பழைய கிராமபோனில் இதைப் போடவே கூடாது. அதன் சவுண்டு பாக்ஸின் கனத்தையும் இரும்பு ஊசியையும் ஒட்டுப் போட்ட தட்டு தாங்காது. நாலைந்து கிராம் மட்டுமே அழுத்தும் கைகொண்ட பிளேயரும் 78-க்கு உரிய பருமனான ஊசியும் வேண்டும். பின்னால் வந்த எல்.பி. தட்டுகளுக்கான மெல்லிய ஊசி வரியின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும். வேகத்தை 33⅓-க்குக் குறைத்துப் பதிந்து, பிறகு கம்ப்யூட்டரில் 2.34 மடங்கு கூட்டிக்கொண்டால் ஊசி துள்ளுவது பெரிதும் அடங்கும்.

ஒரு விரிசலுக்குச் சுற்றுக்கு ஒரு 'டிக்' விழும். மூன்று நிமிடப் பாட்டில் இருநூறுக்கும் மேல். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஆனால் இரைச்சல் முழுவதையும் துடைத்தெடுக்கும் ஆசை வேண்டாம். அதோடு பாடகரின் மூச்சும் தம்பூராவின் நாதமும் போய்விடும். கை வைக்காத பதிவு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது அவசியம்.

தட்டுக்கு முந்திய சிலிண்டர்களின் சங்கதி வேறு. எடிசன் கம்பெனியின் மெழுகு உருளையைத் துவாரத்துக்குள் இரு விரல் விட்டு விரித்துத்தான் தூக்குவார்கள். கைச்சூடு பட்டே அது வெடிக்கலாம். 1912 முதல் 1929 வரை வந்த 'புளூ ஆம்பரால்' செல்லுலாய்டு உருளைக்கு உள்ளே பாரிஸ் சாந்து இருக்கும். ஈரத்தில் அது உப்பும். அப்படியே யந்திரத்தில் திணித்தால் உருளை பிளந்துவிடும். உள்புறத்தை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் சரியாகப் பொருந்தும். செல்லுலாய்டு தீப்பிடிக்கும் பொருள். சூட்டுக்கோல் பக்கத்திலேயே வரக் கூடாது. நொறுங்கிய மெழுகு உருளையை வீட்டில் ஒட்டாமல் விட்டுவிடுவதே நல்லது. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபதயேவும், ஊசி தொடாமல் கேமராவால் வரிகளைப் படம் பிடித்து ஒலியாக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். உடைந்த பதிவுகளும் அதில் பேசியிருக்கின்றன.

ஆகவே உங்கள் வீட்டில் உடைந்த தட்டு இருந்தால், சில்லுகளைக்கூடப் பொறுக்கி ஓர் உறையில் போடுங்கள். லேபிளில் உள்ள பாடகர் பெயர், பாட்டு, தட்டு எண் மூன்றையும் உறைமேல் எழுதுங்கள். உங்களால் ஒட்ட முடியாவிட்டாலும், முடிந்த ஒருவர் கையில் சேரும்வரை காயலாங்கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.