சின்ன கேமிங் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மாற்றப் போறீங்களா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைப் படிங்க!

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி. பிளாக் மித்: வுகாங்குக்கு 130 ஜிபி. மூன்றே மூன்று கேம்தான், கூட்டிப் பார்த்தால் 430 ஜிபி!

2023-ல் வந்த அசுஸ் ஆர்ஓஜி அல்லை போன்ற கையடக்க கேமிங் கம்ப்யூட்டரை 512 ஜிபி எஸ்எஸ்டியுடன் வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியில் 512 என்று போட்டிருக்கும். விண்டோஸில் பார்த்தால் 476 என்று காட்டும். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கோபப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 1,024-ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான், எண்ணும் கணக்குதான் வேறு. அந்த 476-லும் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன மூன்று கேமையும் ஒன்றாக வைத்திருக்கவே இடம் இருக்காது.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பழைய கேம், சின்ன கேமுக்கு அது போதும். ஆனால், பெரிய கேம்கள் லோட் ஆகும்போது கார்டின் வேகம் எஸ்எஸ்டி பக்கத்தில்கூட வராது. அதனால்தான் பலரும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியையே மாற்றிவிடலாம் என்று இறங்குகிறார்கள். வேலை என்னவோ அரை மணி நேர வேலைதான். ஆனால், பணமும் டேட்டாவும் போவது ஸ்க்ரூ கழற்றும்போது அல்ல, அதற்கு முன்பே.

2230-ஆ, 2280-ஆ?

இந்தக் கருவிகளில் இருப்பது எம்.2 வகை எஸ்எஸ்டி. பார்க்க சூயிங் கம் பட்டை மாதிரி இருக்கும். அதன் பெயரோடு வரும் நான்கு இலக்க எண்தான் அளவு. முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்த இரண்டு நீளம், இரண்டுமே மில்லிமீட்டரில். அதாவது 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2230 என்றால் நீளம் வெறும் 30 மி.மீ.

கடைகளில் அதிகம் கிடைப்பதும், ஆஃபரில் அதிகம் வருவதும் 2280. ஆனால், 2023-ல் வந்த முதல் ஆர்ஓஜி அல்லைக்கு வேண்டியது 2230. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கிலும் 2230தான். ஆஃபரைப் பார்த்து 2280 வாங்கிவிட்டால் அது உள்ளே நுழையவே நுழையாது, 5 செ.மீ. வெளியே நிற்கும். குழப்பம் இதோடு முடியவில்லை. 2024-ல் வந்த அல்லை எக்ஸ், 2025-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் அல்லை இரண்டிலும் இருப்பது 2280 ஸ்லாட். ஒரே குடும்பப் பெயர், ஸ்லாட் மட்டும் வேற! எனவே 'அல்லைக்கு எஸ்எஸ்டி' என்று கேட்டு வாங்காமல், சரியான மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதே நல்லது.

அளவு சரியாக இருந்தாலும் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை இருக்கிறது. அல்லைக்கும் டெக்கிற்கும் என்விஎம்இ மட்டுமே. இரண்டு, சிப்புகள் பலகையின் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் சிப் இருந்தால் அந்த இடுக்கில் சரியாக உட்காராது.

மேசையில் வைக்கும் மினி-ஐடிஎக்ஸ் கேமிங் பிசி வைத்திருப்பவர்களுக்கு அளவுச் சிக்கல் குறைவு, 2280தான். அங்கே தலைவலியே வேறு. பல மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் போர்டின் முதுகுப் பக்கம் இருக்கும். கேபினெட்டில் அந்த இடத்தில் திறப்பு இல்லையென்றால், ஒரு எஸ்எஸ்டி மாட்டுவதற்காக மொத்த போர்டையும் கழற்ற வேண்டியதுதான்.

வேகத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்குச் சுமார் 550 எம்பி வேகத்தில் படிக்கும். பிசிஐஇ ஜென் 3 வகை 3,500 எம்பி வரை, ஜென் 4 வகை 7,000 எம்பி வரை போகும். ஆனால், எண் இரண்டு மடங்கு ஆனதால் கேம் லோட் ஆகும் நேரம் பாதியாகிவிடாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம், ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெரும்பாலான கேம்களில் தெரியாது. ஜென் 5 வாங்கி ஜென் 4 ஸ்லாட்டில் மாட்டினால் அது ஜென் 4 வேகத்தில்தான் ஓடும். கூடுதல் விலை வீண்.

அந்தக் காசைக் கொள்ளளவுக்குக் கொடுக்கலாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி சிப்புகளின் விலை ஏறிக்கொண்டிருந்தது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பிராண்டைச் சாதாரண வாடிக்கையாளர் சந்தையிலிருந்து விலக்குவதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் 'ஆளில்லாத' பிராண்டில் மிக மலிவாக 2 டிபி கிடைக்கிறது என்றால் கொஞ்சம் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய எஸ்எஸ்டி வாங்குபவர்கள், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். அதுவரை எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது, ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

அந்த 48 இலக்க எண் கையில் இருக்கா?

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து பயன்படுத்தும் பல விண்டோஸ் 11 கருவிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பயன்படுத்துபவருக்கும் தெரிந்திருக்காது. அதே கருவிக்குள் இருக்கும்வரை ஒரு பிரச்னையும் இல்லை. பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகினால்தான் 'ரெக்கவரி கீ கொடு' என்று கேட்கும். 48 இலக்க எண் அது. இல்லையென்றால் கேம் சேவ் மட்டுமல்ல, அதே கருவியில் வைத்திருந்த காலேஜ் ப்ராஜெக்ட், குடும்ப போட்டோ எல்லாமே பூட்டிய பெட்டிதான். சர்வீஸ் சென்டராலும் திறக்க முடியாது.

எனவே, மைக்ரோசாஃப்ட் கணக்கிற்குள் போய் அந்தக் கீயை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அப்படியே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிட்டு, டிகிரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருப்பது இன்னும் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் ஆன் செய்துவிடலாம்.

குளோனா, புது விண்டோஸா?

அல்லையில் ஒரே ஒரு ஸ்லாட்தான். குளோன் செய்ய வேண்டுமானால் புது எஸ்எஸ்டியை என்விஎம்இ யுஎஸ்பி என்குளோஷரில் போட்டு, பழையதை அப்படியே நகலெடுக்க வேண்டும். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது இதன் சௌகரியம். ஒரு சின்ன வம்பும் உண்டு. 1 டிபி போட்ட பிறகும் சி டிரைவ் பழைய அளவையே காட்டும். மீதி இடத்திற்கும் சி டிரைவுக்கும் நடுவே ரெக்கவரி பார்ட்டிஷன் நந்தி மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். குளோன் செய்யும்போதே அளவை மாற்றித் தரும் மென்பொருளைப் பயன்படுத்தினால் இது வராது.

புதிதாகப் போடுபவர்களுக்கு அல்லையில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்தியபடி பவர் கொடுத்தால் பயாஸ் திறக்கும். அதிலுள்ள கிளவுட் ரெக்கவரி, வைஃபை வழியே விண்டோஸை இறக்கித் தானே நிறுவிவிடும். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது என்பதால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. கேம்களைத்தான் திரும்ப இறக்க வேண்டும். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 430 ஜிபி இறங்க 19 மணி நேரம்! ஸ்டீமின் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டரை முன்கூட்டியே ஒரு வெளி டிரைவில் நகலெடுத்து வைத்தால் இந்தக் காத்திருப்பு மிச்சம். எல்லா கேமுக்கும் கிளவுட் சேவ் கிடையாது என்பதையும் நினைவில் வைத்து, டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா ஃபோல்டர்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திறக்கலாம்

ஸ்லீப்பில் அல்ல, முழுதாக ஷட் டவுன். சார்ஜர் வெளியே. மெமரி கார்டும் வெளியே. ஸ்டீம் டெக்கில் கார்டை எடுக்காமல் மூடியைத் திறந்தால் கார்டு இரண்டாக உடைந்துவிடும். அல்லையின் பின்பக்கம் ஆறு ஸ்க்ரூக்கள். கீழே நடுவில் இருப்பது மட்டும் முழுதாக வெளியே வராது, தளர்த்தினால் மூடி லேசாக எழும்பும். அந்த இடைவெளியில் பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக் ஏதாவது நுழைத்துத் திறக்கலாம், இரும்பு வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. இதைச் செய்யாமல் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது.

பிறகு எஸ்எஸ்டியின் ஒற்றை ஸ்க்ரூவை எடுத்தால் அது சாய்வாக எழும்பும். புதியதையும் அதே சாய்வில் செருகி, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போட வேண்டும். அரிசி மணி அளவுதான் அந்த ஸ்க்ரூ, உள்ளே விழுந்தால் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

திறக்கும்போது ஏற்படும் சேதம் வாரண்டியில் வராது. கை நடுங்கும் என்றால் சர்வீஸ் சென்டரில் முதலில் விசாரித்துக்கொள்ளலாம். 2021-ல் ஸ்டீம் டெக்கைத் திறந்து காட்டிய வால்வ் நிறுவனமே, திறப்பது உங்கள் உரிமை, ஆனால் நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்றுதான் அந்த வீடியோவில் சொன்னது.

எல்லாம் நல்லபடி ஓடினாலும் பழைய எஸ்எஸ்டியை உடனே ஃபார்மேட் செய்ய வேண்டாம். ஒரு மாதம் அப்படியே கிடக்கட்டும். விட்டுப்போன ஃபைல் ஏதாவது அப்போதுதான் நினைவுக்கு வரும். அதன் பிறகு என்குளோஷரில் போட்டு பென் டிரைவ் போலப் பயன்படுத்தலாம். விற்பதாக இருந்தால் மட்டும், அந்த எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள செக்யூர் எரேஸ் மூலம் அழித்துவிட்டுக் கொடுங்கள்.