முகாமுக்குப் போறீங்களா? போட்டோ எடுக்கும் முன் இதைப் படிங்க!

ராமநாதபுரம்:

தீபாவளி, பொங்கல் வந்தால் போதும். துணிமணி, நோட்டுப் புத்தகம், பிரியாணி பொட்டலம் எல்லாத்தையும் வேனில் ஏத்திக்கிட்டு இலங்கைத் தமிழர் முகாமுக்கு உதவி செய்யக் கிளம்பும் இளைஞர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் பொட்டலத்தை ஒரு கையில் கொடுத்து, மறு கையில் செல்போனை நீட்டி படம் எடுப்பதும், அன்று ராத்திரியே அதை பேஸ்புக், வாட்ஸ்-அப்பில் போடுவதும் வாங்குகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய சங்கடம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதே கேமராவை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பிரிந்த குடும்பத்தைக் கூட சேர்த்து வைக்கலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் இவர்கள்?

1983-ம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் உயிர் பிழைக்க படகில் தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். போர் மூளும்போதெல்லாம் கூட்டம் கூடியது. 2012 வரை வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். வேறு நாடுகளுக்குப் போனவர்களும் உண்டு.

2021-ல் தமிழக அரசு சட்டசபையில் தெரிவித்த கணக்குப்படி முகாம்களில் இருந்தவர்கள் மட்டும் 58,822 பேர். முகாமுக்கு வெளியே போலீசில் பதிவு செய்து தங்கியிருந்தவர்கள் 34,087 பேர். அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. இடிந்து கிடந்த 7,469 வீடுகளை புதிதாகக் கட்டவும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

2022 மார்ச்சில் இலங்கையில் விலைவாசி எகிறி, சாப்பாட்டுக்கே திண்டாட்டம் வந்தபோது மறுபடியும் தனுஷ்கோடி பக்கம் படகுகள் வந்தன. மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, கைக்குழந்தையோடு தவித்தவர்களை கடலோர காவல் படையினர் மீட்டு வந்தனர். அவர்கள் தங்க வைக்கப்பட்டது மண்டபம் முகாமில். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை தோட்ட வேலைக்குப் போன நம்ம ஊர் கூலித் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்ததும் இதே மண்டபத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

நேரா உள்ளே போக முடியுமா?

முடியாது. முகாம்கள் வருவாய்த்துறை அதிகாரிகளின் பொறுப்பில் இருக்கின்றன. போலீஸ் கண்காணிப்பும் உண்டு. வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டும். எனவே உதவி செய்ய நினைப்பவர்கள் முதலில் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பது நல்லது. முகாம்களில் ஏற்கனவே வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து போவது இன்னும் சுலபம். 1984-ல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அகதிகளே நடத்தி வருகிறார்கள்.

கேமராவுக்கு தனியாக அனுமதி கேளுங்கள். உள்ளே போக விட்டார்கள் என்பதற்காக படம் எடுக்கவும் விட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

உலகத்தை உலுக்கிய படம்

படத்துக்கு சக்தி உண்டு. அதில் சந்தேகமே இல்லை. 2015 செப்டம்பர் 2-ந்தேதி, சிரியாவில் இருந்து தப்பி வந்த குடும்பம் ஒன்று துருக்கி கடலில் படகு கவிழ்ந்து மூழ்கியது. சிவப்பு சட்டை போட்ட 2 வயது சிறுவன் ஆலன் குர்தியின் உடல் கரையில் குப்புறக் கிடந்த படம் மறுநாள் உலகம் முழுக்க பரவியது.

சுவீடனில் செஞ்சிலுவைச் சங்கம் சிரியா அகதிகளுக்காக திரட்டிய நிதி ஒரே வாரத்தில் பல மடங்கு எகிறியது. ஆனால் சில வாரத்திலேயே மறுபடி இறங்கிவிட்டது என்று 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அழ வைக்கிற படம் காசு கொண்டு வரும், ஆனால் நீடிக்காது என்பதுதான் இதில் தெரிகிற பாடம்.

பேர் கேட்காத படம்

1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் பச்சைக் கண் ஆப்கான் சிறுமி ஒருத்தியை அமெரிக்க போட்டோகிராபர் ஸ்டீவ் மெக்கரி படம் எடுத்தார். 1985 ஜூன் மாதம் 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தச் சிறுமியின் பெயர் யாருக்கும் தெரியாது. 2002-ல் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் பெயர் ஷர்பத் குலா என்று தெரிந்தது. அதுவரை படம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. அவரோ அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை.

2016-ல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாக பாகிஸ்தானில் அவர் கைது செய்யப்பட்டபோது, அந்தப் பழைய படத்தால் அதுவும் உலகச் செய்தி ஆனது. 12 வயதில் எடுத்த ஒரு படம் ஆயுசு முழுக்க கூடவே வந்தது.

பிள்ளைகளைச் சேர்த்த கேமரா

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1994-ல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது லட்சக்கணக்கானோர் பக்கத்து நாடுகளுக்கு ஓடினார்கள். வழியில் அப்பா, அம்மாவைத் தொலைத்த குழந்தைகள் ஏராளம். பேர், ஊர் சொல்லத் தெரியாத பச்சைக் குழந்தைகளும் அதில் அடக்கம்.

செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெப் அமைப்பும் அந்தக் குழந்தைகளை ஒவ்வொருவராகப் படம் எடுத்து, முகாம்களில் பலகை வைத்து ஒட்டின. தாய்மார்கள் வரிசையாக வந்து படத்தில் தங்கள் பிள்ளை முகத்தைத் தேடினார்கள். அப்படி குடும்பத்தோடு சேர்ந்த பிள்ளைகள் உண்டு.

2013 முதல் ஐரோப்பாவில் செஞ்சிலுவைச் சங்கம் இதே போல ஒரு வேலையைச் செய்கிறது. அங்கே தேடுகிறவரின் படம்தான் வெளியிடப்படும். பெயர் வராது. 'தம்பியைத் தேடுகிறேன்', 'அம்மாவைத் தேடுகிறேன்' என்று மட்டும் இருக்கும். உதவியும் நடக்கிறது, ஆளுக்கு ஆபத்தும் இல்லை.

கேமரா அவர்கள் கையில்

2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரில் இருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடி வந்தார்கள். அங்குள்ள காக்ஸ் பஜார் முகாமில் வசிக்கும் இளைஞர்கள் தாங்களே படம் எடுத்து, 2022-ல் 'ரோஹிங்யாட்டோகிராபர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய சகத் ஜியா ஹீரோ உள்பட 4 பேருக்கு 2023-ல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது, ஆசிய-பசிபிக் பகுதிக்காகக் கிடைத்தது. வெளியாள் எடுத்தால் கண்ணீர்தான் தெரியும். வீட்டு ஆள் எடுத்தால் கல்யாணம், விளையாட்டு, சமையல் எல்லாம் தெரியும்.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

பெரிய கேமரா தேவையில்லை. செல்போனே போதும்.

* பாஸ்போர்ட் சைஸ் படம்: பள்ளி, கல்லூரி, பேங்க், உதவித்தொகை என்று எந்த மனுவுக்கும் படம் கேட்பார்கள். 5 பேர் உள்ள குடும்பம் டவுனுக்குப் போய் எடுத்தால் பஸ் செலவோடு ஒருநாள் கூலியும் போச்சு. வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி முகாமிலேயே எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம்.

* குடும்பப் படம்: கடல் தாண்டி வந்தவர்களில் பலர் உடுத்திய துணியோடு வந்தவர்கள். பழைய ஆல்பம் எல்லாம் வீட்டோடு போனது. தாத்தா, பாட்டியை நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்து, லேமினேட் செய்து கையில் கொடுங்கள். அதை இணையத்தில் போட வேண்டியதில்லை.

* மனுவுக்குப் படம்: ஒழுகும் கூரை, கதவில்லாத கழிவறை, தேங்கிய சாக்கடை. இதை தேதியோடு எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவோடு இணைக்கலாம். ஆள் முகமே தேவையில்லை.

* பயிற்சி: கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் முகாம் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கலாம். நாலு காசு சம்பாதிக்க வழி பிறக்கும்.

இதைச் செய்யாதீங்க

* பொட்டலம் வாங்கும்போது படம் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. முதலில் கொடுங்கள். படம் வேண்டுமா என்று வேறொரு நாள் கேளுங்கள்.

* குழந்தைகளை பெற்றோரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முகாமில் இருந்து வருவதை வகுப்பில் சொல்லாமல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். யூனிபார்ம், வீட்டு எண் தெரிகிற ஒரு படம் போதும், மறுநாள் பள்ளியில் கேலிப் பேச்சு கிளம்பிவிடும்.

* புதிதாகப் படகில் வந்தவர்கள் முகத்தை வெளியிடவே கூடாது. அவர்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அந்தக் கரையில் இருக்கிறார்கள். வழக்கும் இருக்கலாம்.

* செல்போன் கேமராவில் 'லொகேஷன்' வசதியை அணைத்து விடுங்கள். எந்த இடத்தில் எடுத்தது என்பது படத்துக்குள்ளேயே பதிவாகும்.

* ஒருவர் 'எடுத்துடுங்க' என்று பின்னால் சொன்னால், காரணம் கேட்காமல் அழித்துவிடுங்கள்.

வாங்குகிறவர்கள் மட்டுமல்ல

முகாம் மக்கள் என்றால் கை நீட்டி வாங்குகிறவர்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி தாக்கியபோது நாகப்பட்டினத்தில் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு ஆறுதல் சொல்லவும் உதவி செய்யவும் ஓடி வந்தவர்களில் இலங்கை அகதிகளும் உண்டு. வீடு வாசலை இழந்தவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்த முறை முகாமுக்குப் போகிறவர்கள் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, 'என்ன உதவி வேணும்?' என்று முதலில் கேட்கட்டும். படம்தான் வேண்டும் என்று அவர்களே சொன்னால், அப்போது எடுக்கலாம். பிரிண்ட் போட்டு, மறக்காமல் கொண்டு போய்க் கொடுக்கவும் வேண்டும்.