ஏழு மணிக்குள் ஒரு கடை வேலை

பள்ளியில் படிக்கும் ஒருவர் சனி, ஞாயிறுகளில் கடையில் சம்பளத்துக்கு நிற்கலாமா என்பது முதலில் வயதைப் பொறுத்த கேள்வி. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. 2016-ல் அதை விரிவாகத் திருத்தினார்கள். அதன்படி 14 வயது நிரம்பாதவரை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. அப்பா நடத்தும் மளிகைக் கடையில் பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ ஒத்தாசை செய்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. 14 முதல் 18 வரையிலானவர்களைச் சட்டம் தனிப் பிரிவாகப் பார்க்கிறது. அவர்கள் வேலை பார்க்கலாம். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதற்குத்தான் கட்டுப்பாடு.

சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருட்கள், வெடிபொருட்கள், ஆபத்தான தொழில்முறைகள் ஆகியவற்றின் பக்கம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் போகக் கூடாது. கேட்பதற்குத் தொழிற்சாலைச் சமாச்சாரம் போலத் தோன்றினாலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மைதானங்களில் முளைக்கும் பட்டாசுக் கடைகளையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பையன்கள் ஆசையாகத் தேடிப் போகும் தற்காலிக வேலை அது. தவிர்க்க வேண்டிய வேலையும் அதுவே. சிகரெட், பீடி, புகையிலைப் பொருட்களை 18 வயது நிரம்பாதவர் விற்கவோ கையாளவோ கூடாது என்று புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே பெட்டிக்கடை வேலையும் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. மருந்துக் கடையில் பெட்டிகளை அடுக்கலாம், பில் போடலாம். மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு.

வேலை தேடுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விதி நேரத்தைப் பற்றியது. 18 வயது ஆகாதவரை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவைக்கக் கூடாது. அதற்குள் ஒரு மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும். அந்த ஓய்வையும், ஆள் வராமல் கடையில் சும்மா காத்திருந்த நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். ஓவர்டைம் கிடையாது. ஒரே நாளில் காலையில் ஒரு கடை, மாலையில் இன்னொரு கடை என்பதும் கிடையாது. நடைமுறையில் காலை 10 மணிக்கு வந்து, 1 மணிக்குச் சாப்பிடப் போய், 2 மணிக்குத் திரும்பி, 4 மணிக்குக் கிளம்புவதுதான் சட்டத்துக்குள் அடங்கும் ஒரு முழு நாள்.

சிக்கல் இங்கேதான். தமிழ்நாட்டுக் கடைத்தெரு சூடு பிடிப்பதே மாலை ஆறு மணிக்கு மேல். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ, திருச்சி சின்னக்கடை வீதியிலோ முதலாளிக்கு ஆள் தட்டுப்பாடு வருவது ஆறிலிருந்து ஒன்பதரை வரைதான். அந்த நேரத்தில் நிற்க முடியாத ஒருவரை அவர் ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும்? பெரிய ஜவுளிக் கடைகளும் சங்கிலிப் பல்பொருள் அங்காடிகளும் 18 முடிந்தவர்களையே கேட்பதற்கு இது ஒரு காரணம். வயது, வேலை நேரம் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி ஆய்வாளர் கேட்கும்போது காட்ட வேண்டியிருப்பது இன்னொரு காரணம். 16 வயதில் அங்கே விண்ணப்பம் கொடுத்துப் பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டியதில்லை. தேட வேண்டியது பகலில் வியாபாரம் நடக்கும் கடையை.

அப்படிப்பட்ட கடைகள் நிறையவே இருக்கின்றன. மாதத்தின் முதல் வார இறுதியில் மளிகைக் கடைகளில் மாதச் சாமான் பட்டியல்கள் குவியும். பருப்பையும் மிளகாயையும் நிறுத்துப் பொட்டலம் போட, பட்டியலைப் பார்த்துச் சரக்கை எடுத்து வைக்க, காலையிலிருந்தே கூடுதல் கைகள் வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி நோட்டுப் புத்தகக் கடைகள், சீருடைக் கடைகள், செருப்புக் கடைகள் பகல் முழுக்க நெரியும். ஜெராக்ஸ் கடை, காய்கறிக் கடை, பேக்கரியின் பேக்கிங் பகுதி ஆகியவையும் பகல் வேலைதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் சமயங்களில் ஜவுளிக் கடைகள் தற்காலிக ஆட்களைச் சேர்க்கும்போது, துணியை மடித்து அடுக்கவும் டெலிவரி கவுண்டரில் பில்லோடு சரிபார்த்துப் பையில் போடவும் பகல் ஷிப்ட் கிடைக்க வாய்ப்புண்டு.

படிப்பில் ஆர்வமுள்ளவர்களுக்குப் புத்தகக் காட்சியைப் போல நல்ல தொடக்கம் வேறில்லை. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. மதுரை, ஈரோடு உள்ளிட்ட ஊர்களிலும் இப்போது ஆண்டுதோறும் நடக்கின்றன. விடுமுறை நாட்களில் அரங்குகள் முற்பகலிலேயே திறந்துவிடும். சிறு பதிப்பகங்களுக்கு நிரந்தர விற்பனையாளர்கள் இருப்பதில்லை. பில் போடவும், விற்றுப்போன தலைப்புகளை மீண்டும் அடுக்கவும் மாணவர்களைத் தேடுவார்கள். காட்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பதிப்பகத்தைக் கேட்டுவிட வேண்டும். தொடங்கிய பிறகு போய் நின்றால் பதிப்பாளருக்குப் பேச நேரம் இருக்காது.

கேட்பதற்கும் ஒரு நேரம் உண்டு. கடை திறந்து போனி ஆகும் முன் வேலை கேட்டுப் போய் நிற்பது, வெற்றுக் கையோடு முதலில் வந்தவர் என்ற எரிச்சலைத்தான் கிளப்பும். மாலைக் கூட்டத்தில் போனால் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். வார நாளில் பள்ளி விட்டதும், நாலரை மணி வாக்கில், கூட்டம் சேரும் முன் போவது நல்லது. ‘ஆட்கள் தேவை’ என்ற பலகை தொங்கினால்தான் கேட்க வேண்டும் என்றில்லை. சிறு கடைகளில் முக்கால்வாசி ஆட்கள் தெரிந்தவர் சொல்லித்தான் சேர்கிறார்கள். வீட்டுக்குப் பல வருடமாகச் சாமான் வாங்கும் கடையே முதலில் போக வேண்டிய இடம். அம்மாவோ அப்பாவோ கூட வந்து ஒரு வார்த்தை சொன்னால், பையன் வயதை மறைக்கவில்லை, வீட்டுக்குத் தெரிந்துதான் வருகிறான் என்று கடைக்காரருக்கு நிம்மதி. ஆனால் பேச வேண்டியவர் வேலைக்கு வருபவர்தான். “அண்ணாச்சி, சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து நாலு மணி வரைக்கும் வரமுடியும், ஏதாவது வேலை இருக்கா?” என்று நாளும் நேரமும் சேர்த்துக் கேட்டால், “என்ன வேலைன்னாலும் பரவாயில்லை” என்பதைவிட மதிப்பு அதிகம். எதற்கும் தலையாட்டுபவரிடம்தான் பின்னால் எட்டு மணி வரை இருக்கச் சொல்வார்கள்.

சான்றிதழைவிட நடத்தையையும் கணக்கையும்தான் சிறு கடைக்காரர் பார்ப்பார். 365 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று சட்டென்று கேட்கலாம். மனதுக்குள் கழித்துப் பார்ப்பதைவிட, பில் தொகையிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போவது கடைக்காரர்களின் பழைய வழக்கம்: ஐந்து கொடுத்தால் 370, முப்பது கொடுத்தால் 400, நூறு கொடுத்தால் 500. வாங்குபவரும் கூடவே எண்ணிக்கொள்வதால் தகராறு வராது. கல்லாவில் உட்காரும் வாய்ப்பு உடனே கிடைக்காது, கிடைக்காததும் நல்லதே. கிடைக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: யூபிஐ-யில் பணம் அனுப்பிவிட்டதாக வாடிக்கையாளர் நீட்டும் செல்போன் திரை சாட்சி ஆகாது. கடையின் ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், இல்லையென்றால் கடையின் செல்போனுக்குச் செய்தி வர வேண்டும். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சரக்கோடு நழுவுகிறவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் புதிதாக நிற்கும் ஆளைத்தான்.

வயதுக்குச் சான்றாக ஆதார் நகலோ பிறப்புச் சான்றிதழ் நகலோ போதும். மூல மதிப்பெண் சான்றிதழை எந்தக் கடையிலும் ஒப்படைக்கக் கூடாது. பாதியில் நிற்க நினைக்கும்போது அதை வைத்துத்தான் பிடித்து வைப்பார்கள். சேருவதற்கு முன்பணம் கேட்டால் அது வேலையே அல்ல. ஓராண்டு வேலை பார்ப்பேன் என்று ‘பாண்டு’ எழுதி வாங்கினாலும், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் போட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது.

சம்பளப் பேச்சில் கூச்சம் கூடாது. வயதில் சிறியவர் பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்று நம் வீடுகளில் பழக்கியிருக்கிறார்கள். “பார்த்துத் தர்றேன் தம்பி” என்ற பதிலோடு மாதங்கள் ஓடிப்போவது அதனால்தான். நாள் கணக்கா, மாதக் கணக்கா. மதியச் சாப்பாடு கடையிலா, வீட்டிலிருந்தா. பஸ் காசு உண்டா. வேலை பழகும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா. பொருள் உடைந்தாலோ கல்லாவில் குறைந்தாலோ பிடிப்பார்களா என்பதையெல்லாம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கடை வேலைக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். வந்த நாள், நேரம், வாங்கிய பணம் மூன்றையும் சொந்த நோட்டில் எழுதி வருவது பிறகு பேச்சு வளர்ந்தால் உதவும். பணத்தை வங்கியில் போட வயது தடையில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வங்கி வகுக்கும் வரம்புக்குள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது.

கடை வேலை என்றால் கால் வலி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காராமல் நிற்க வேண்டும் என்பது நம்மூர் ஜவுளிக் கடைகளில் எழுதாத விதியாகவே இருந்தது. வசந்தபாலன் இயக்கி 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ அந்த வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளம் 2018-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றது. இருக்கை இருக்கிறதா, உட்கார விடுகிறார்களா என்பதை வேலை கேட்கப் போகும் நாளிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுவது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, சம்பளத்துக்கு இணையான விஷயம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவர்கள் தேர்வு மாதங்களில் வர இயலாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். திருப்புதல் தேர்வு தொடங்கும் ஜனவரியிலிருந்தே விலகிக்கொள்வது பெரும்பாலானோருக்குத் தோதானது. தேர்வு முடிந்த மறுவாரம் பழைய கடைக்கே திரும்பலாம். பழகிய ஆள் திரும்பி வந்தால் கடைக்காரருக்கும் லாபம்தான். நிற்பதென்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லி, கணக்கை முடித்து வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தாலோ, இரவு வரை இருக்கச் சொல்லி மிரட்டினாலோ, கை நீட்டினாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். 18 வயது நிரம்பாத எல்லோருக்கும் அது பொருந்தும், கட்டணம் இல்லை. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவும் வழி உண்டு. நாளும் நேரமும் குறித்து வைத்த நோட்டை அப்போது கையோடு கொண்டுபோக வேண்டும்.