"ஒரே ஒரு பீர்தான் சார்!"
புது லைசென்ஸ்காரர் கோர்ட்டில் வாதாடலாமா?

லைசென்ஸ் கைக்கு வந்து மூன்றே மாதம். கடை வேன் ஓட்டுவதுதான் பிழைப்பு. நண்பன் வீட்டு விருந்து முடிந்து பைக்கில் திரும்பும்போது அண்ணாசாலையில் போலீஸ் மடக்குகிறது. "ஊதுப்பா!" கருவி 48 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம்!

"பத்தாயிரம் கட்டிட்டா முடிஞ்சுது" என்று நினைப்பவர்கள் பலர். அங்கேதான் வினை! 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் 2 ஆயிரமாக இருந்த அபராதம்தான் இப்போது ரூ.10 ஆயிரம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினாலும் அது தண்டனையே. மோட்டார் வாகனச் சட்டம் 20-வது பிரிவுப்படி, லைசென்சுக்குக் குறைந்தது 6 மாதத் தடை!

அப்படியானால் வழக்காடலாமா? "வண்டிக்குப் புதுசு சார், தெரியாம நடந்துபோச்சு" என்பது எடுபடாது. புதியவர், பழையவர் என்ற பேதம் 185-வது பிரிவில் இல்லை. ஊதிய சீட்டில் பெயர், நேரம், வண்டி நம்பர் தப்பா? ஓட்டியது வேறு ஆளா? அப்படி உண்மையான ஓட்டை இருந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றால் வாய்தாவுக்கு வாய்தா அலைச்சலும், சம்பள நஷ்டமும்தான் மிச்சம்.

தடைக் காலத்தில் வண்டியைத் தொட்டாலோ, அது தனி வழக்கு. 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அன்று ராத்திரி ஆட்டோ பிடித்திருந்தால் ஆறு மாதச் சோறு மிஞ்சியிருக்கும்!